பச்சைச் சட்டையும் மணப்பாட்டு மெழுகுதிரியும்

பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கோவையில் எங்கள் ஓட்டக் குழுவின் சட்டை அந்த நிறம். நல்ல கிளிப்பச்சை. லாரிக்காரர்களின் கண்ணில் தூரத்திலேயே படட்டும் என்று தேர்ந்தெடுத்தது. மாசி மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் அந்த நிறத்துக்கு வேறொரு அர்த்தம் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பம்புசெட்டுக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. காலனிப் பூங்காவில் மற்ற பெண்களோடு நடந்துகொண்டிருந்தவள், அவர்கள் மருமகள்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்க முடியாமல் ஒருநாள் வேகத்தைக் கூட்டினேன். அப்படியே ஓட ஆரம்பித்துவிட்டேன். அதன்பின் நிறுத்தத் தெரியவில்லை. மாரத்தான் என்கிற நாற்பத்திரண்டு கிலோமீட்டரை நாலைந்து முறை ஓடி முடித்தாயிற்று. அதற்கு மேல் ஓடினால்தான் அல்ட்ரா என்று ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயர்மேல் எனக்குத் தீராத ஆசை. நகைக்கடைப் பக்கம்கூட நான் இப்படி ஏங்கி நின்றதில்லை.

இரண்டு முறை முயன்றேன். ஒருமுறை ஊட்டி மலையில் வாந்தி. ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கம் கெண்டைக்கால் கல்லாகி நின்றுவிட்டது. இரண்டும் ஆம்புலன்ஸின் உள்ளேதான் முடிந்தன. இரண்டாவது முறை கூடவே ஏறி உட்கார்ந்து வந்த என் கணவர் சுந்தரம், வீட்டுக்கு வந்ததும் நிதானமாக ஒரு விஷயம் சொன்னார்.

“அம்மிணி, இன்னொருக்கா ஓடிப் பாரு. நான் வேண்டாங்கல. ஆனா மூணாவதும் பாதியில நின்னா, அப்பறம் பார்க்குல நடக்கறதோட நிறுத்திக்கோணும். சம்மதமா?”

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னார். அதனால் சம்மதம் என்றேன். மூன்றாவது முறைக்கு மேடே இல்லாத ஊர் ஒன்று வேண்டும் என்று தேடியபோது ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தது.

ஜெசிந்தா கோவையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. போனில் சொன்னவுடனே சிரித்தாள். “மேடா? எங்க ஊர்ல மேடுன்னா உப்புக் குமிதான் ஏளா. வா. எங்க வீட்லருந்து மணப்பாடு சிலுவைக் கோயில் வரைக்கும் ஓடு. அம்பத்தஞ்சுக்கு மேல வரும். எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல பின்னாலயே வருவாவ.” போட்டி கிடையாது, பதக்கம் கிடையாது. நானும் சாலையும்தான்.

*

முதல் நாள் பேருந்தை விட்டு இறங்கியதுமே உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கோவையில் காற்று என்றால் சட்டைக்குள் புகுந்து சில்லென்று போகும். இங்கே காற்று மேலே ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. ஆட்டோ துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். எங்கள் ஊரில் இதே நெரிசலில் இந்நேரம் பத்து ஹாரன் கேட்டிருக்கும்.

ஜெசிந்தாவின் கணவர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு அளவுக்குக் கனமான பெட்டிகளை ஊசியில் நூல் கோப்பது போலக் கப்பலில் இறக்கி வைக்கிறவர், தட்டில் மட்டும் எதையும் அளவாக வைக்கத் தெரியாதவர். ஓட்டத்துக்கு முந்தைய இரவு எண்ணெயில்லாமல் சோறும் தயிரும் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் பயிற்சியாளரின் கட்டளை. குசினியிலிருந்து ஜெசிந்தா சாளை மீன் குழம்பைக் கொண்டுவந்தாள். அந்தோணி அண்ணன் கடையிலிருந்து பொரித்த பரோட்டா வாங்கிவந்து, முறுமுறுப்பு குறையாமல் என் தட்டில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றினார்.

“சாப்பிடும் தங்கச்சி. நாளைக்கு ஓடணும்லா?”

“ஓடோணும்னுதானுங்கண்ணா சாப்பிட வேண்டாங்கறேன்.”

“தீனி இல்லாம எந்த எஞ்சின் ஓடுது?”

அதற்குப் பதில் இருக்கிறது, பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் வாயில் பரோட்டா இருந்தது. பிறகு மக்ரூன் வந்தது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, கூம்பாகச் சுட்டெடுத்த தூத்துக்குடிப் பலகாரம். வாயில் போட்டதும் கரைந்து காணாமல் போனது. நான் கோவையிலிருந்து சுமந்து வந்த எனர்ஜி ஜெல் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தேன். பற்பசை மாதிரி இருந்தன. பாதியை எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் மக்ரூன் பொட்டலத்தை வைத்தேன். பையின் எடையைக் குறைக்கச் சட்டையின் லேபிளைக்கூட வெட்டியெறிகிறவள் நான். மக்ரூனுக்கு மட்டும் விதிவிலக்கு.

*

இரண்டாம் நாள் கிழக்கு வெளுப்பதற்குள் கிளம்பிவிட்டேன். மாற்றுக் காலுறை, மாற்று ஷூ, போன் சார்ஜர், தண்ணீர் எல்லாம் அந்தோணி அண்ணன் ஸ்கூட்டரின் பெட்டியில். என் முதுகில் ஒரு சின்னப் பை மட்டும். முத்தையாபுரத்தில் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நின்றிருந்த தொழிலாளிகள் என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளையாட்டுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன்.

உப்பளங்கள் வந்தன. பாத்திகளில் வானம் ரோஜா நிறத்தில் படுத்துக்கிடந்தது. வெள்ளை உப்புக் குவியல்கள் ஓலை போர்த்தி வரிசையாக நின்றன. கால் தானாக ஓடியது. மூச்சு சீராக வந்தது. இப்படி ஒரு காலையில் ஓடுவதற்குத்தான் நான் மற்ற காலைகளிலெல்லாம் ஓடுகிறேன். சந்தோஷத்தில் ஒரு லாரிக்குக் கையை ஆட்டினேன். அவர் நீளமாக ஹாரன் அடித்து “அரோகரா!” என்று கத்திவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

சற்றுத் தூரத்தில் முன்னால் ஒரு கூட்டம் நடந்துபோய்க்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, அத்தனை பேரும் பச்சை. வேட்டி பச்சை, சேலை பச்சை, தலைத்துண்டு பச்சை. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் முருகனிடம் பாதயாத்திரை போகிறவர்கள். நான் அவர்களைத் தாண்டும்போது ஓர் அம்மா கூடவே நாலடி ஓடிவந்து கேட்டார்.

“யம்மா, என்ன நேர்ச்ச? ஓடியே வாரதா நேந்திருக்கியளா?”

“வேண்டுதல் எல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா ஓடறனுங்க.”

“சும்மாவா?” அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “வெளிய சொல்லக் கூடாத நேர்ச்ச போல. பாவம், என்ன கஷ்டமோ.”

அதற்குப் பிறகு வழியெல்லாம் இதே கதைதான். நேர்ச்சைக்காரி ஓடி வருகிறாள் என்ற சேதி பைக்குகளில் ஏறி எனக்கு முன்னால் போய்விட்டது. பந்தல் போட்டிருந்த இடங்களிலெல்லாம் வழிமறித்தார்கள். பானகம் குடிக்காமல் தாண்ட முடியவில்லை. சுண்டல் வேண்டாம் என்றால் முகம் வாடிப்போனது. ஓட்டப் பந்தயங்களில் தண்ணீர் மேசையில் தாள் தம்ளரை நீட்டுவார்கள், பிடுங்கிக்கொண்டு ஓடலாம். இங்கே உட்கார வைத்து, விசிறிவிட்டு, இன்னொரு கை வாங்கிக்கொள் என்கிறார்கள். என் வேகக் கணக்கு மண்ணாய்ப் போனது. ஆனால் வயிறு குளிர்ந்து, கால் குளிர்ந்து, வழக்கமாக வருகிற வாந்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பழையகாயல் பக்கம் அந்தோணி அண்ணனின் ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. “நீ போ தங்கச்சி, ஒட்டிட்டு இந்தா வாரேன்” என்றார். போனேன். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி அகலமாக ஓடியது. பாலத்தைத் தாண்டி ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் நிழலும் வாழைத்தோட்டத்து ஈரமும் சேர்ந்து வந்தன. அந்தக் கொஞ்ச தூரத்துக்குச் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நான் எங்கள் ஊரிலேயே ஓடுவதாக நினைத்துக்கொண்டேன். பிறகு ஆறுமுகநேரி, மறுபடி உப்பு, மறுபடி வெயில். ஸ்கூட்டர் மட்டும் வரவேயில்லை.

*

வீரபாண்டியன்பட்டினத்தில் சாலையோரம் ஓலைக்கூரை போட்ட ஓர் இளநீர்க் கடை. வாசலில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் வேகம் குறையாமல் போகப் பார்த்தேன். கடைக்காரம்மா குறுக்கே வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தோடு என் இரண்டு கால்களிலும் கவிழ்த்துவிட்டார்.

முருகனைப் பார்க்க நடந்துவருகிறவர்களின் கால் சூட்டைத் தணித்து அனுப்புவது அந்த ஊர் வழக்கமாம். நடந்து வருகிறவர்கள் எல்லோரும் வெறுங்கால். ஷூவுக்குள் தண்ணீர் போனால் நெடுந்தூர ஓட்டக்காரியின் கதி என்னவாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஈரக் காலுறை பாதத்தைத் தேய்க்கும். தேய்த்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஓட்டம் அவ்வளவுதான். இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. மாற்று ஷூ ஆணி ஏறிய ஸ்கூட்டரில். நான் நடுரோட்டில் நின்று என் ஷூவைப் பார்த்தேன். இரண்டும் தவளை மாதிரி கத்தின.

என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவும் பதறிவிட்டார். பெயர் இசக்கியம்மாள். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து இளநீரைச் சீவி நீட்டினார்.

“செருப்புதான தாயி நனைஞ்சிருக்கு? கழத்திட்டு நடங்க. முருகன்கிட்ட சப்பலோடயா போவாவ?”

“நான் முருகன்கிட்ட போகலீங்கம்மா. மணப்பாடு போறனுங்க. அங்க போய்ச் சேரலீன்னா இனிமே நான் ஓடவே கூடாது. வீட்ல சொல்லிட்டு வந்திருக்கறனுங்க.”

இத்தனை பேரிடம் சும்மா ஓடுகிறேன், சும்மா ஓடுகிறேன் என்று சொல்லிவந்தவள் இவரிடம் மட்டும் ஏன் உண்மையைக் கொட்டினேனோ. அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார்.

“மணப்பாடா? சிலுவைக் கோயிலுக்கா?”

“ஆமாங்க.”

விறுவிறுவென்று கடைக்குள் போனார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். மெழுகுதிரி. என் முழங்கை நீளம்.

“எம் மவளுக்குத் தலப்பிரசவத்துல ரொம்ப மோசமாப் போச்சு. முருகன்ட்டயும் நேந்தேன், மணப்பாட்டு சிலுவட்டயும் நேந்தேன். மவளும் பொழச்சா, புள்ளயும் இப்ப தவழுது. முருகனுக்கு அன்னைக்கே மொட்ட போட்டாச்சு. சிலுவைக்குத்தான் பாக்கி. இந்தா கெடக்கு மணப்பாடு, கடைய விட்டுட்டுப் போவ முடியல. ஒவ்வொரு நாளும் படத்துக்குப் பின்னாலருந்து அது என்னையப் பாக்குது. நீங்க ஏத்திருங்க தாயி.”

லேபிளை வெட்டியெறிகிறவளிடம் முழங்கை நீள மெழுகுதிரி. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சரிங்க” என்று வந்தது. ஜெசிந்தா கொடுத்த லேஞ்சியில், அதாவது கைக்குட்டையில், திரியைச் சுற்றிப் பைக்குள் செருகினேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

*

திருச்செந்தூரில் கோபுரம் தெரிந்ததும் பச்சைக் கூட்டம் ஆனந்தத்தில் கத்தியது. “வந்துட்டோம்! வந்துட்டோம்!” பல பேர் அழுதார்கள். ஒரு தாத்தா என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கடல் பளபளத்தது. மாவு வெந்த வாசனை, கற்பூர வாசனை, சில்லுக் கருப்பட்டிக் கடை. எல்லோருடைய பயணமும் அங்கே முடிகிறது. உட்கார்ந்துவிடலாம் என்று என் கால்கள் கெஞ்சின. இங்கே நின்றால் ஒருவரும் என்னைத் தோற்றவள் என்று சொல்லமாட்டார்கள், விபூதி பூசி வாழ்த்துவார்கள். நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. பிறகுதான் கதை தெரிந்தது. அவரும் அந்த ஊர்க்காரர்தானே! திருச்செந்தூர் வரை வந்தவள் முருகனைக் கும்பிடாமல் எப்படித் தாண்டுவாள் என்று, பஞ்சர் ஒட்டிக் குறுக்குவழியில் வந்து சேர்ந்தவர், போனைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு உள்ளே எத்தனை ஆயிரம் பச்சைச் சட்டையோ! அத்தனையிலும் என்னைத் தேடியிருக்கிறார். பாவம், சிலுவை போட்டிருந்த கழுத்தோடு இரண்டு முறை தரிசன வரிசையில் நின்றாராம்.

நான் தெற்கே திரும்பினேன். பச்சைக் கூட்டமெல்லாம் கோவிலுக்குள் போக, சாலையில் திடீரென்று நான் மட்டும். ஆலந்தலை வருவதற்குள் குதிகாலில் முதல் கொப்புளம் உடைந்தது. அதே நேரம் பார்த்துப் போனும் உயிரை விட்டது. அதோடு இணைந்த கைக்கடிகாரமும் தூரத்தைக் காட்டுவதை நிறுத்தியது. கடைசியாகக் காட்டிய எண் நாற்பத்தொன்று சொச்சம். மாரத்தானுக்கே ஒரு முழம் பாக்கி! கோவையில் சுந்தரம் தன் போனில் என் பச்சைப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது புள்ளி நின்றிருக்கும். அவருக்கு அது ஒரே ஒரு அர்த்தம்தான் தரும்.

ஓர் உடைமர நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். பாதம் வெளுத்துச் சுருங்கி, ஊறப்போட்ட அப்பளமாக இருந்தது. அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அந்த வழியாக வந்த முதல் பேருந்துக்குக் கையைக் காட்டுவது என்று தீர்மானித்தேன். பேருந்தும் வந்தது. கையைத் தூக்கினேன். முதுகில் மெழுகுதிரி இடித்தது.

இதில் ஏறிக்கூட மணப்பாடு போய்த் திரியை ஏற்றலாமே, இசக்கியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தது ஓடிவருவதாக இல்லையே என்றுதான் யோசித்தேன். சரியான வாதம். ஆனால் அந்த அம்மா என்னிடம் திரியைக் கொடுத்தது நான் ஓடிவந்ததைப் பார்த்துத்தான். கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டேன். நடத்துநர் என்னை முறைத்தபடி விசில் அடித்துக்கொண்டு போனார்.

ஷூ இரண்டையும் நாடாவில் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டேன். வெறுங்காலில் நடந்தேன், மர நிழல் வந்தால் ஓடினேன், தார் சுட்டால் மணலுக்குத் தாவினேன். குலசேகரன்பட்டினத்தில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் ரப்பர் செருப்புகள் தொங்கின.

“அண்ணாச்சி, ஓடறதுக்குத் தோதா ஒரு செருப்பு குடுங்க.”

அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓடுததுக்கா? யாரு வெரட்டுதா?”

“யாரும் வெரட்டலீங்க. நானா ஓடறனுங்க. மணப்பாட்டுக்கு.”

“நேர்ச்சையா?”

ஒரு நொடி யோசித்தேன். “ஆமாங்க. நேர்ச்ச.”

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. மளமளவென்று இறங்கி வந்தார். கொப்புளத்தில் படாத மாதிரி செருப்பை வைத்து, சணலைச் சிறு துண்டாக வெட்டி, என் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வாயில் ஒரு கருப்பட்டித் துண்டைப் போட்டுவிட்டு, “ஓடுங்க” என்றார்.

ஓடினேன். டப் டப் என்று செருப்புச் சத்தம் போட ஓடினேன். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்து, இதில் ஒன்றும் லாபமில்லை என்று திரும்பிப் போனது. இருபுறமும் பனை. மக்ரூன் பொட்டலத்தில் தூள்தான் மிச்சம், அதையும் விரலால் தொட்டு நக்கினேன். வலித்தது, வலிக்கிறதே என்று சிரிப்பும் வந்தது. உப்பங்கழியின் நீருக்கு அப்பால் மணப்பாட்டின் கோவில் கோபுரங்கள் வெள்ளையாக எழுந்தபோது வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்கிறீர்களா? பழக்கதோஷம்தான். அரோகரா!

*

சிலுவைக் கோவில் கடலுக்குள் மூக்கை நீட்டிய மணல்மேட்டில் நிற்கிறது. ஜெசிந்தா சொன்னது பொய். அந்த வழியெல்லாம் இருந்த ஒரே மேடு கடைசியில்தான் இருந்தது. ஏறினேன். மூன்று பக்கமும் கடல். கோவிலைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மேலே வந்து சேர்ந்த கோலத்தை விளக்குமாற்றின்மேல் சாய்ந்து நின்று பார்த்தார்.

பையிலிருந்து திரியை எடுத்தேன். வெயிலிலும் என் முதுகுச் சூட்டிலும் அது தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வளைஞ்சா எரியாதாம்மா? குடுங்க” என்றார் பெரியவர். அதன் அடிப்பகுதியை உருக்கி நிமிர்த்தி நட்டு வைத்தார். “யாருக்கு?”

“வீரபாண்டியன்பட்டினம் இசக்கியம்மாளுக்கு. மக பொழச்சதுக்கு.”

ஏற்றினேன். காற்றில் கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்று எரிந்தது. “உங்களுக்கு?” என்று கேட்டார். எனக்காக ஏதாவது கேட்க வேண்டும் என்று கண்ணை மூடினேன். ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே அவ்வளவு நிறைவாக இருந்தது.

“எனக்கு ஒரு போன் பண்ணோணுங்க” என்றேன்.

அவருடைய போனில் சுந்தரத்தை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் அவசரமாக ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “அம்மிணி, எங்கடி இருக்கற? நல்லா இருக்கறயா? போனா போகுது, உடு. நாற்பத்தொண்ணு ஓடினதே பெருசு. பார்க்குல நானும் கூட நடக்கறேன், சரியா? அழுகாத.”

“ஏனுங்க, நான் மணப்பாட்டுல நிக்கறனுங்க.”

“பஸ்ல போனயா?”

இதற்கு நானே சாட்சி சொன்னால் செல்லாது. போனைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் குரலை உயர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “பஸ்ஸா? நல்லாச் சொன்னிய! கழுத்துல சப்பாத்த மாட்டிக்கிட்டு, கால்ல சணலக் கட்டிக்கிட்டு, என் கண்ணு முன்னால ஓடித்தான் வந்தாவ. பஸ்ல வந்தவ இந்த லெட்சணத்துலயா இருப்பாவ?”

போன் என் கைக்குத் திரும்பியது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “சரி” என்றார் சுந்தரம். “சரி அம்மிணி.”

சற்று நேரத்தில் அந்தோணி அண்ணனின் ஸ்கூட்டர் மேடேறி வந்தது. பின்னால், திருச்செந்தூர் வரை பேருந்தில் வந்து ஏறிக்கொண்ட ஜெசிந்தா. அண்ணன் நெற்றி நிறைய விபூதி. ஒரு கையில் பன்னீர் இலையில் மடித்த பிரசாதம், மறு கையில் என் மாற்றுக் காலுறை. “இந்தா தங்கச்சி, மாத்து சாக்ஸ்” என்று நீட்டினார். ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் பெரியவரின் விளக்குமாறு கீழே விழுந்தது.

*

அன்றிரவு மணப்பாட்டிலேயே தங்கிவிட்டு, மூன்றாம் நாள் ஊர் திரும்புகிற வழியில் பேருந்தை விட்டு வீரபாண்டியன்பட்டினத்தில் இறங்கினேன். நொண்டி நொண்டி இளநீர்க் கடைக்குப் போனேன். இசக்கியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் முதலில் பார்த்தார்.

“ஏத்திட்டியளா?”

ஜெசிந்தாவின் போனில் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். வளைந்த திரியும் அதன்மேல் சின்னச் சுடரும். போனை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே தவழ்ந்துகொண்டிருந்த பேரனைத் தூக்கிவந்து அவனுக்கும் காட்டினார். அவன் போனைக் கடித்தான்.

பிறகு அவர் குடத்தை எடுத்தார். நான் தடுக்கவில்லை. செருப்பை நானே கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டினேன். உடைந்த கொப்புளத்தில் மஞ்சள் தண்ணீர் பட்டதும் உயிர் போகிற மாதிரி எரிந்தது. நான் போட்ட கூச்சலில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரிக்க, நானும் எரிச்சலோடு சிரித்தேன்.

“இனிமே ஓடலாம்னுட்டாவளா வீட்ல?”

அன்றைக்கு நான் சொன்னதை முழுக்கக் காதில் வாங்கியிருக்கிறார்! “ஓடலாமுங்க” என்றேன். “அடுத்த வருசம் இங்கிருந்து கடற்கரையோடவே கன்னியாகுமரி வரைக்கும் ஓடலாம்னு இருக்கறனுங்க.”

இசக்கியம்மாள் பேரனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார்.

“அந்த வழியிலதான உவரி அந்தோணியார் கோயில் இருக்கு?”

“ஆமாங்க.”

“ஒரு நிமிசம் இரிங்க தாயி” என்று சொல்லிவிட்டு, முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டார்.